ஒரே இரவும் இருபத்து மூன்று ஆண்டுகளும்

இத்தாலியின் தெற்கே, சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில் எர்னெஸ்டோ பசிலே என்றொரு கட்டடக் கலைஞர் இருந்தார். அவர் கைபட்ட இரண்டு கட்டடங்களின் கதையைச் சொன்னாலே, அரசு அலுவலகம் எனும் விசித்திர இயந்திரத்தைப் பற்றிப் பாதி சொன்னதாகிவிடும்.

முதலாவது, மாஸ்ஸிமோ அரங்கம். இத்தாலியின் மிகப் பெரிய ஓபரா அரங்கம் இதுதான். 1875இல் அடிக்கல் நாட்டி வேலையைத் தொடங்கியவர் எர்னெஸ்டோவின் தந்தை. அவர் மறைந்த பிறகு மகன் முடித்துக் கொடுத்தார். 1897 மே மாதம் திறப்பு விழா. 1974இல் பழுதுபார்ப்பதற்காக அரங்கத்தை மூடினார்கள். மறுபடி திறந்தது 1997 மே மாதத்தில். இடையில் ஓடியது 23 ஆண்டுகள். 'காட்ஃபாதர்' மூன்றாம் பாகத்தின் இறுதியில் வரும் புகழ்பெற்ற படிக்கட்டு இந்த அரங்கத்தினுடையதே. 1990இல் வெளியான அந்தப் படம் உலகெங்கும் ஓடியது. உள்ளூர்க்காரர் ஒருவர்கூட அந்தப் படியேறி உள்ளே போய்ப் பாட்டுக் கேட்க முடியவில்லை.

இரண்டாவது, வில்லா தெலியெல்லா. எர்னெஸ்டோ வடிவமைத்து 1909இல் முடித்த அழகிய மாளிகை. 1939ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐம்பது வயதைக் கடந்த கட்டடத்தைத்தான் கலைச்சின்னமாகப் பாதுகாக்க முடிந்தது. 1959 நவம்பர் கடைசியில், அந்த ஐம்பது நிறையப் போகும் தறுவாயில், இடிக்கும் அனுமதி நகராட்சியிலிருந்து கிடைத்தது. ஒரே இரவில் வேலை முடிந்தது. மாளிகை நின்ற இடம் பல்லாண்டுகளாக வண்டி நிறுத்தப் பயன்பட்டது.

அரசாங்க வேலை என்றாலே அப்படித்தான், மெதுவாகத்தான் நடக்கும் என்று நாம் சலித்துக்கொள்கிறோம். பலெர்மோ இதை ஒப்புக்கொள்ளாது. ஒரே ஊர், ஒரே நகராட்சி. ஒரு கோப்பு ஒரே நாளில் பறக்கிறது. இன்னொன்று ஒரு தலைமுறைக் காலம் அசையாமல் கிடக்கிறது. அப்படியானால் தாமதம் அலுவலகத்தின் பிறவிக்குணமாக இருக்க முடியாது. அதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றில் சிலவற்றைக் கணக்குப் போட்டே காட்டலாம். நூறாண்டுக்கும் மேலாகக் கணித அறிஞர்களும் பொருளியலாளர்களும் உளவியலாளர்களும் தனித்தனியே அந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள்.

சுற்றறிக்கைக்கு வயது 900

கணக்குக்குப் போகுமுன் ஒரு காகிதத்தைப் பார்த்துவிடுவோம். அது பலெர்மோ அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஆண்டு 1109. சிறுவனாக இருந்த மகனுக்காகச் சிசிலியை ஆண்டுவந்த அதெலாசியா எனும் கோமகள், தீவின் நடுப்பகுதியில் இருந்த தன் அதிகாரிகளுக்கு ஓர் உத்தரவு அனுப்பினார்: இன்ன மடாலயத்துக்கு யாரும் தொல்லை தரக்கூடாது, பாதுகாப்புக் கொடுக்க வேண்டும். கிரேக்கம், அரபு என இரண்டு மொழிகளில் எழுதியது. ஐரோப்பாவில் தேதியோடு எஞ்சியிருக்கும் மிகப் பழைய காகித ஆவணம் இதுதான் என்று கருதப்படுகிறது. கண்டத்தின் முதல் காகிதங்களில் ஒன்று வேதமும் இல்லை, காதல் கடிதமும் இல்லை. மேலிடம் கீழிடத்துக்கு அனுப்பிய சுற்றறிக்கை!

அந்த மகன்தான் 1130இல் பலெர்மோவில் முடிசூடிய இரண்டாம் ரோஜர். நில எல்லைகளையும் குடிகளின் பெயர்ப் பட்டியல்களையும் பதிந்து வைக்க அவர் ஆட்சியில் ஒரு திவான் இயங்கியது. லத்தீன், கிரேக்கம், அரபு மூன்றிலும் ஆவணங்கள் எழுதப்பட்டன. எகிப்தை ஆண்ட ஃபாத்திமிகளின் நிர்வாக முறையைப் பார்த்தே இது அமைக்கப்பட்டது என்று வரலாற்றாய்வாளர் ஜெரெமி ஜான்ஸ் விரிவாக எழுதியிருக்கிறார். 1144-45இல் ரோஜர் இன்னோர் ஆணை பிறப்பித்தார்: முன்பு வழங்கிய சாசனங்களை வைத்திருப்பவர்கள் அவற்றைக் கொண்டுவந்து புதுப்பித்துக்கொள்ள வேண்டும். 'பழைய அட்டை செல்லாது, புதிதாக வாங்கிக்கொண்டு வாருங்கள்' என்று கவுன்ட்டரில் கேட்கும் குரலுக்கு இவ்வளவு வயதாகிறது. ரோஜரின் பேரன் இரண்டாம் ஃபிரெடெரிக் 1231இல் வெளியிட்ட சட்டத்தொகுப்பு, பொது ஆவணங்களைக் காகிதத்தில் எழுதத் தடை விதித்தது. காகிதம் நிலைக்காது, தோலில்தான் எழுத வேண்டும் என்பது காரணம். அவருடைய கொள்ளுப்பாட்டியின் காகிதம் இன்றும் இருக்கிறது.

நமக்கும் இது புதிதல்ல. அதெலாசியாவின் காகிதத்துக்கு நூறாண்டு முன்பே, 1006 வாக்கில், நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தை வழங்கினான். அதைச் சொல்லும் செப்பேட்டைப் படித்தால் அரசன் வாய்மொழியாகச் சொன்ன ஒரு சொல் எத்தனை கைகள் மாறியது என்பது தெரியும். ஓலை எழுதுபவர், திருமந்திர ஓலை நாயகம், வரிக் கணக்கில் பதியும் புரவுவரித் திணைக்களத்தார் என்று அதிகாரிகளின் வரிசை நீள்கிறது.

இத்தனை கைகள் எதற்கு? ஒருவர் நினைத்தால் நிலத்தை மாற்றி எழுதிவிட முடியாது என்பதற்காக. எழுத்தும் சாட்சியும் இல்லாத இடத்தில் எஞ்சுவது அதிகாரியின் ஞாபகமும் தயவும்தான். ஏழைக்கு அவை இரண்டும் எட்டாதவை. கோப்பின் மீது எவ்வளவு எரிச்சல் வந்தாலும், அது எளியவனின் காவலாகப் பிறந்தது என்பதை மறந்தால் அடுத்து வரும் கணக்கெல்லாம் தப்பாகிவிடும்.

வரிசையின் கணிதம்

1909இல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த அக்னர் எர்லாங் எனும் டென்மார்க் கணிதவியலாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அழைப்புகள் தாறுமாறாக வருகின்றன; இணைப்புக் கொடுப்பவர்கள் சிலர்தான்; ஒருவர் எவ்வளவு நேரம் காத்திருக்க நேரிடும்? இந்தக் கேள்வியிலிருந்து 'வரிசைக் கோட்பாடு' என்ற துறையே பிறந்தது. தொலைபேசிக்குப் போட்ட கணக்கு வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் பொருந்தும்.

ஒரே ஓர் எழுத்தர். ஒரு விண்ணப்பத்தைப் பார்க்கச் சராசரியாக 20 நிமிடம். மக்கள் முன்பின்னாக வந்துகொண்டிருக்கிறார்கள். எழுத்தருடைய நேரத்தில் பாதிக்குத்தான் வேலை இருக்கிறது என்றால், வருபவர் சராசரியாக 20 நிமிடம் காத்திருப்பார். 80 சதவீதம் வேலை இருந்தால் 80 நிமிடம். 90 சதவீதம் என்றால் 3 மணி நேரம். 95 சதவீதம் என்றால் 6 மணி 20 நிமிடம். வேலை கூடியதோ 90இலிருந்து 95க்கு, வெறும் ஐந்து. காத்திருப்போ இரண்டு மடங்குக்கு மேல். நூறை நெருங்க நெருங்க வரிசை வானத்தைத் தொடும்.

'ஊழியர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்' என்று நாம் குறை சொல்லும் அந்த ஓய்வு நேரம்தான் உண்மையில் வரிசையைக் குட்டையாக வைத்திருக்கிறது. செலவைக் குறைக்கிறோம் என்று ஆட்களைக் குறைத்து, இருப்பவரை நூறு சதவீதம் பிழிந்தால், கணக்கேட்டில் சிக்கனம் தெரியும். வாசலில் கூட்டம் தெரியும்.

இன்னொரு கணக்கு இதைவிட வியப்பானது. எழுத்தருக்கு 72 சதவீத வேலைதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல நிலைமை, காத்திருப்பு ஏறத்தாழ இரண்டரை விண்ணப்ப நேரம். படிவம் குழப்பமாக இருப்பதால் நாலில் ஒன்றைத் திருப்பி அனுப்புகிறார். அதே ஆள் சரிசெய்து மறுபடி வருகிறார். மறுபடியும் நாலில் ஒன்று திரும்புகிறது. ஒரு புது விண்ணப்பம்கூடக் கூடவில்லை. ஆனால் எழுத்தரின் சுமை 72இலிருந்து 96 சதவீதமாகிவிடும். வரிசையில் ஒருமுறை காத்திருக்கும் நேரம் 24 விண்ணப்ப நேரமாக உயரும், அதாவது ஒன்பது மடங்குக்கு மேல். படிவத்தில் புரியாத ஒரு கட்டம், 'இணைப்பு இல்லை' என்ற ஒரு குறிப்பு. அலுவலகமே திணறுவதற்கு இது போதும்.

வரத்து திறனைத் தாண்டிவிட்டால் கணிதம் இரக்கமற்றதாகிவிடும். பலெர்மோவின் ரோட்டோலி கல்லறைத் தோட்டத்தில் நடந்தது அதுதான். கடலோரமாக, பெல்லெக்ரினோ மலையடிவாரத்தில் இருக்கும் இந்தத் தோட்டத்தில் புதைக்க இடம் குறைந்துகொண்டே வந்தது. நகரத்தில் இருந்த ஒரே தகன உலை 2020இல் பழுதானது. புதிய உலைக்கான திட்டமும் ஒப்பந்தமும் இழுத்துக்கொண்டே போயின. கூடாரங்களுக்கு அடியில் காத்திருந்த சவப்பெட்டிகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. துக்கம் முடியாத குடும்பங்கள் மாதக்கணக்கில் அலுவலகத்துக்கு நடந்தன. 2022 மேயர் தேர்தலில் இது பெரும் பேச்சானது.

இங்கே ஒரு பாடம் இருக்கிறது. மாதம் நூறு வருகிறது, நூற்றைந்தை முடிக்க முடிகிறது என்று வைத்துக்கொண்டால், தேங்கிப்போன ஆயிரம் கரைய 200 மாதங்கள், அதாவது 16 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பழுதைச் சரிசெய்தால் மட்டும் தேக்கம் போகாது. அதைக் கரைக்கவென்றே தற்காலிகமாகக் கூடுதல் திறன் வேண்டும். நிலுவைக் கோப்புகளுக்குச் சிறப்பு முகாம் நடத்துவதில் இந்த அளவுக்கு அறிவியல் உண்டு.

இருபது கையெழுத்து

ஒரு மேசைக்கு இந்தக் கணக்கு. மேசைகள் வரிசையாக இருந்தால்? ஒரு வேலைக்கு இருபது துறைகளின் ஒப்புதல் வேண்டும், ஒவ்வொரு துறையும் நூறில் 95 முறை சரி என்று சொல்லும் நல்ல துறை என்று வைத்துக்கொள்வோம். இருபதும் ஒருசேரச் சரியென்று சொல்ல எத்தனை வாய்ப்பு? 0.95ஐ இருபது முறை பெருக்கினால் ஏறத்தாழ 0.36. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு விண்ணப்பங்கள் எங்காவது ஒரு மேசையில் தட்டி நிற்கும். இதில் யாரும் கெட்டவரில்லை என்பதே விசேஷம்.

1990களின் மாஸ்கோவில் இதைக் கண்ணால் கண்டவர் அமெரிக்கச் சட்ட அறிஞர் மைக்கேல் ஹெல்லர். தெருவோர இரும்புக் கூண்டுகளில் சரக்கு நிறைந்து வழிகிறது. பின்னாலிருக்கும் நல்ல கடைகள் காலியாகக் கிடக்கின்றன. காரணம், ஒரு கடைக்கு விற்கும் உரிமை ஒருவரிடம், வாடகைக்கு விடும் உரிமை இன்னொருவரிடம், வாடகை வாங்கும் உரிமை மூன்றாமவரிடம். ஒவ்வொருவராலும் தடுக்க முடியும்; எவராலும் தனியாக அனுமதிக்க முடியாது. பொதுச் சொத்தை எல்லோரும் மேய்ந்து அழிப்பது ஒரு துயரம் என்றால், எல்லோரும் பூட்டி வைத்து அழிப்பது அதன் மறுபக்கம் என்று அவர் 1998இல் எழுதினார்.

கையெழுத்துப் போடுபவரின் நிலையிலும் நின்று பார்க்க வேண்டும். அவர் இரண்டு விதத் தவறு செய்யலாம்: தரக்கூடாததற்கு அனுமதி தருவது, தர வேண்டியதை நிறுத்தி வைப்பது. முதல் தவறுக்கு விசாரணை, வழக்கு, பத்திரிகைச் செய்தி. இரண்டாவது தவறால் ஒருவர் பட்ட நட்டம் எந்த ஏட்டிலும் ஏறாது. புத்திசாலி எதைத் தேர்வார்? இத்தாலிய மேயர்கள் 'கையெழுத்துப் பயம்' என்றே இதைக் குறிப்பிடுவார்கள். பதவியைத் தவறாகப் பயன்படுத்தியதாக வழக்குப் போட இடம்கொடுத்த குற்றவியல் பிரிவை இத்தாலி 2024இல் அடியோடு நீக்கியது. பயம் தெளியும் என்றார்கள் ஆதரித்தவர்கள். ஊழலுக்குக் கதவு திறந்தாயிற்று என்றார்கள் எதிர்த்தவர்கள்.

எதிர்த்தவர்கள் பலெர்மோவைக் கைகாட்டலாம். கையெழுத்து முழுக்கச் சிலர் வசம் போனால் என்ன ஆகும் என்பதை அந்த ஊர் பார்த்திருக்கிறது. சால்வோ லிமா மேயராகவும் வீட்டோ சான்சிமீனோ பொதுப்பணிப் பொறுப்பாளராகவும் இருந்த 1950களின் இறுதி, 1960களின் தொடக்கத்தில் சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 4,000 கட்டட உரிமங்கள் கொடுக்கப்பட்டன. அவற்றில் பாதிக்கு மேல், கட்டடத் தொழிலோடு சம்பந்தமே இல்லாத ஓய்வூதியக்காரர்கள் சிலரின் பெயரில் இருந்தன. பினாமிகளுக்குப் பின்னால் மாஃபியா. எலுமிச்சைத் தோப்புகளும் மாளிகைகளும் கான்கிரீட்டுக்கு இரையான அந்தக் காலத்தைப் 'பலெர்மோச் சூறையாடல்' என்று வரலாறு பதிந்திருக்கிறது. வில்லா தெலியெல்லாவின் கோப்பு அந்த வேகத்தில்தான் ஓடியது.

பிறகு வந்த தடுப்புகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ரத்தம் இருக்கிறது. மாஃபியாவில் இருப்பதையே குற்றமாக்கி, அவர்கள் சொத்தைப் பறிமுதல் செய்ய வகைசெய்யும் மசோதாவை நாடாளுமன்ற உறுப்பினர் பியோ லா தோர்ரே 1980இல் நாடாளுமன்றத்தில் வைத்தார். அது கிடந்தது. 1982 ஏப்ரல் 30 அன்று அவரைப் பலெர்மோவில் சுட்டுக் கொன்றார்கள். அப்போதும் கிடந்தது. செப்டம்பர் 3 அன்று அதே ஊரில் ரோம் அரசின் பிரதிநிதியாக (பிரீஃபெக்ட்) இருந்த தளபதி டல்லா கியேசாவைக் கொன்றார்கள். பத்தே நாளில், செப்டம்பர் 13 அன்று, அது சட்டமானது. பொது ஒப்பந்தம் எடுப்பவர் மாஃபியா தொடர்பில்லை என்று சான்று காட்ட வேண்டும் என்ற நடைமுறை இந்தச் சட்டத்தின் வழியில் வளர்ந்தது. இன்றைக்கு ஒரு சின்ன ஒப்பந்தக்காரர் 'இந்தச் சான்று எதற்கு?' என்று சலித்தால், அவர் சலிப்பும் நியாயம்; சான்று பிறந்த காரணமும் நியாயம்.

கூட்டத் தெரிந்த மனம்

நியாயமான காரணத்தோடு பிறந்த விதிகள் காரணம் மறைந்த பிறகும் சாவதில்லை. ஏன்? வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேப்ரியேல் ஆடம்ஸ், லைடி க்ளாட்ஸ் முதலானோர் 2021இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வில் ஒரு பதில் இருக்கிறது.

லெகோ கட்டைகளால் ஒரு சிறு கட்டடம். மேற்கூரை மூலையில் ஒரே ஒரு கட்டையின் மேல் நிற்கிறது. கனமான செங்கல்லைத் தாங்கும்படி அதைச் சரிசெய்தால் ஒரு டாலர் பரிசு. ஆனால் சேர்க்கும் ஒவ்வொரு கட்டைக்கும் பத்து சென்ட் பிடித்தம். அந்த மூலைக் கட்டையை எடுத்துவிட்டால் கூரை கீழே உட்கார்ந்துகொள்ளும், காசும் மிச்சம். அப்படிச் செய்தவர்கள் 41 சதவீதம்தான். 'கட்டையை எடுப்பதற்குக் காசில்லை' என்று ஒரு வரி கூடுதலாகச் சொன்னதும் 61 சதவீதமாக உயர்ந்தது. அதே ஆய்வில், புதிதாகப் பொறுப்பேற்ற ஒரு பல்கலைக்கழகத் தலைவருக்கு வந்த மேம்பாட்டு யோசனைகளையும் எண்ணிப் பார்த்தார்கள். ஏதேனும் ஒன்றை நீக்கலாம் என்றவை 11 சதவீதம் மட்டுமே.

நீக்குவதை மக்கள் யோசித்துப் பார்த்து ஒதுக்கவில்லை. அது அவர்கள் மனதில் எழவே இல்லை. ஒரு தவறு நடக்கிறது, ஒரு படிவம் கூடுகிறது. இன்னொரு தவறு, இன்னொரு சான்று. இந்த வளர்ச்சிக்குச் சூழ்ச்சி எதுவும் தேவையில்லை.

சரி, எரித்துவிட்டால்? அதையும் இத்தாலி செய்து பார்த்தது. சட்டங்களை எளிமைப்படுத்துவதற்கென்றே இருந்த அமைச்சர் ரொபெர்டோ கால்டெரோலி, 2010 மார்ச்சில் ரோம் நகரத் தீயணைப்புப் படை வளாகத்தில் பெட்டி பெட்டியாக அடுக்கித் தீவைத்தார். 3,75,000 சட்டங்களும் விதிகளும் ஒழிந்தன என்று அறிவித்தார். அவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே வழக்கொழிந்த பழங்காலச் சமாசாரம். யாரும் தொடாத சட்டத்தை எரித்தால் யாருடைய வரிசையும் குறையாது.

நம்பாதவர் கேட்கும் விதி

உளவியல் ஒருபக்கம் இருக்க, நாடுகளுக்கிடையே உள்ள வேறுபாட்டுக்கு வேறு விளக்கம் வேண்டும். 2002இல் சிமியோன் ஜான்கோவும் மூன்று பொருளியலாளர்களும் 85 நாடுகளில் ஒரு தொழில் தொடங்க எத்தனை படி ஏற வேண்டும் என்று எண்ணினார்கள். கனடாவில் 2 நடைமுறை, 2 நாள். இத்தாலியில் 16 நடைமுறை, 62 வேலை நாள். விதிகள் அதிகமான நாடுகளில் பொருட்களின் தரமோ சுற்றுச்சூழலோ மேம்பட்டிருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை, ஊழல்தான் கூடியிருந்தது.

அப்படியென்றால் அந்த மக்கள் விதிகளைக் குறைக்கச் சொல்லிப் போராடியிருக்க வேண்டுமே? 2010இல் பிலிப் அகியோனும் உடன் ஆய்வாளர்களும் கண்டது நேர்மாறு. ஒருவரையொருவர் நம்பாத சமூகங்களில்தான் மக்கள் கூடுதல் கட்டுப்பாட்டைக் கேட்கிறார்கள், அரசில் ஊழல் இருப்பது தெரிந்தும்கூட. அடுத்த கடைக்காரன் கலப்படம் செய்வான் என்று பயந்தால், லஞ்சம் வாங்கும் ஆய்வாளர்கூடப் பரவாயில்லை என்று தோன்றும். கட்டுப்பாடு கூடும், சுற்றுவழி தேடுவார்கள், நம்பிக்கை இன்னும் தேயும், மறுபடி கட்டுப்பாடு கேட்பார்கள்.

1983இல் அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் பட்னமின் குழு இத்தாலியின் பிராந்திய அரசுகளுக்குச் சாதாரணக் குடிமகன் போல மூன்று கேள்விகளை அஞ்சலில் அனுப்பியது. வடக்கே எமிலியா-ரொமாஞ்ஞாவில் மூன்றில் இரண்டுக்கு ஒரு வாரத்துக்குள் முழுமையான பதில் வந்தது. தெற்கே கலாப்ரியா, கம்பானியாவில் எந்தக் கடிதத்துக்கும் பதில் இல்லை. தொலைபேசியில் துரத்தி, நேரில் போய், வாரக்கணக்கில் அலைந்தபின்தான் தகவல் கிடைத்தது. இத்தனைக்கும் அந்தப் பிராந்தியங்கள் எல்லாவற்றுக்கும் அதிகார அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. வேறுபட்டது மக்கள் ஒன்றுகூடி இயங்கும் பழக்கமும் பரஸ்பர நம்பிக்கையும் என்றார் பட்னம்.

இந்த வெற்றிடத்தில் தரகர் நுழைவார். சிசிலி மாஃபியாவின் அடிப்படை வியாபாரமே பாதுகாப்பையும் உத்தரவாதத்தையும் விற்பதுதான் என்று சமூகவியலாளர் தியேகோ கம்பெத்தா 1990களில் விளக்கினார். பத்திரப்பதிவு அலுவலக வாசலில் மேசை போட்டிருக்கும் தரகரை மாஃபியாவோடு ஒப்பிடுவது அநியாயம். ஆனால் இருவரும் முளைக்கும் மண் ஒன்று. சட்டப்படி கிடைக்க வேண்டியது தானாகக் கிடைக்கும் என்று நம்ப முடியாத இடத்தில், 'தெரிந்த ஆள்' என்பதே ஒரு சரக்கு.

சுமை யார் தலையில்

பெல்லெக்ரினோ மலைமேல் சாண்டா ரொசாலியா குகைக்கோயில் இருக்கிறது. 1624இல் கொள்ளைநோயிலிருந்து பலெர்மோவைக் காத்தவள் என்று அந்த ஊர் போற்றும் புனிதை. இன்று அந்த மலையேறும் பக்தர்களில் இலங்கைத் தமிழர்களை நிறையப் பார்க்கலாம், சைவர்களும் உண்டு. 1980களில் போரிலிருந்து தப்பி வந்து, வீட்டு வேலையும் சமையல் வேலையும் பார்த்து வேரூன்றிய சமூகம் அது.

தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க அவர்கள் அஞ்சலகத்தில் படிவ உறை வாங்கி நிரப்ப வேண்டும். 16 யூரோ முத்திரைத்தலை ஒட்ட வேண்டும். குறித்த நாளில் காவல் தலைமையகம் போய்க் கைரேகை வைக்க வேண்டும். சட்டம் சொல்லும் கெடு 60 நாள். நடைமுறையில் அது மாதக்கணக்காக நீள்வது சாதாரணம். குடியுரிமை என்றால் பத்தாண்டு வசித்த பிறகு விண்ணப்பம். முடிவு சொல்ல அரசுக்கு 24 மாதம், தேவைப்பட்டால் 36 மாதம்.

இந்தச் சுமையை பமேலா ஹெர்ட், டொனால்ட் மொய்னிஹன் எனும் இரு ஆய்வாளர்கள் 2018இல் வெளியான நூலில் மூன்றாகப் பிரித்தார்கள். எது தேவை என்று கற்றுக்கொள்ளும் செலவு. அலைந்து நிறைவேற்றும் செலவு. அவமானமும் பதற்றமுமான மனச் செலவு. பணம் படைத்தவர் முதல் இரண்டையும் கணக்காளரிடமோ வழக்கறிஞரிடமோ ஒப்படைத்துவிடுவார். மூன்றாவதை மட்டும் யாரும் நமக்காகச் சுமக்க முடியாது.

கவலை மனதில் எவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதைச் சொன்ன ஆய்வுகளில் முக்கியமானது நம் ஊரில் நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலானோர் சிந்தனைத் திறன் சோதனைகள் நடத்தினார்கள். 2013இல் 'சயின்ஸ்' இதழில் முடிவு வெளியானது. அறுவடைக்கு முன், கையில் காசில்லாத மாதங்களில் எடுத்த மதிப்பெண்ணைவிட, அறுவடைக்குப் பின் அதே ஆள் எடுத்த மதிப்பெண் தெளிவாக அதிகம். அறிவு கூடவில்லை, கவலை குறைந்தது, மனம் காலியானது. இதைக் கோப்புகளோடு பொருத்திப் பார்த்தால் ஒரு கொடுமை விளங்கும். உதவித்தொகைக்கான நாலு பக்கப் படிவத்தை நிரப்ப வேண்டியவர், அதை நிரப்பும் மனநிலையில் இல்லாத நேரத்தில்தான் அதைத் தேடி வருகிறார். ஒரு கட்டம் தவறிவிட்டால் நாலில் ஒருவராகத் திரும்பி வந்து, மற்ற எல்லோருடைய வரிசையையும் நீட்டுகிறார்.

எது பலித்தது

'பெர்மிட் - லைசென்ஸ் - கோட்டா ராஜ்' என்று ராஜாஜி சாடிய காலத்திலிருந்து நாமும் விதிகளைக் குறைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். எத்தனை விதி என்று எண்ணுவதால் பெரிய பயனில்லை என்பதைப் பலெர்மோ காட்டுகிறது. குறைத்தால் சூறையாடல், கூட்டினால் முடக்கம் என்று ஊசலாடியதுதான் மிச்சம். பலித்த மாற்றங்கள் வேறு இடத்தில் கைவைத்தன.

இத்தாலியில் 2012 ஜனவரி முதல் ஒரு விதி நடப்புக்கு வந்தது. ஓர் அரசு அலுவலகம் இன்னோர் அரசு அலுவலகத்திடம் ஏற்கெனவே இருக்கும் தகவலுக்காகக் குடிமக்களிடம் சான்றிதழ் கேட்கக் கூடாது. பிறந்த தேதி, முகவரி, குடும்ப விவரம் ஆகியவற்றுக்கு மனுதாரரே கையெழுத்திட்ட உறுதிமொழி போதும். சந்தேகம் இருந்தால் அலுவலகமே விசாரித்துக்கொள்ள வேண்டும். பொய் சொன்னால் தண்டனை உண்டு. சரிபார்ப்பு ஒழிந்துவிடவில்லை, அலைச்சல் மட்டும் கைமாறியது. நம்மூரில் உட்பிரிவு தேவைப்படாத பட்டா மாறுதல் பத்திரப்பதிவோடு தானாகவே நடக்க வழிசெய்ததும் இந்த வகைதான்: ஒரு மேசையே காணாமல் போகிறது. உட்பிரிவு வேண்டும் என்றால் நில அளவர் வந்து அளந்தாக வேண்டும். அங்கே எர்லாங்கின் கணக்கு மறுபடி தொடங்கிவிடும்.

1990ஆம் ஆண்டின் இத்தாலிய நிர்வாகச் சட்டம் இன்னொரு வழியைத் திறந்தது. குறிப்பிட்ட நாளுக்குள் அலுவலகம் பதில் சொல்லாவிட்டால், சில வகை மனுக்களில் அந்த மௌனமே சம்மதம். கையெழுத்துப் போடப் பயப்படுபவரின் முன்னே இருந்த கணக்கு அதனால் புரண்டுவிட்டது; சும்மா இருப்பதும் இப்போது ஒரு முடிவு. ஆனால் கலைச்சின்னங்கள், சுற்றுச்சூழல், மக்கள் உடல்நலம் போன்றவற்றுக்கு இந்த மௌனச் சம்மதம் பொதுவாகப் பொருந்தாது. வில்லா தெலியெல்லாவை இழந்த நாடு அப்படி விலக்கு வைப்பதில் அர்த்தம் இருக்கிறது.

மூன்றாவது வழி இந்தியாவில் இருக்கிறது. மத்தியப் பிரதேசம் 2010இல் பொதுச் சேவை உத்தரவாதச் சட்டம் கொண்டுவந்தது. பட்டியலில் உள்ள சேவையைக் கெடுவுக்குள் தராத அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 5,000 ரூபாய் அபராதம்; அந்தப் பணத்தை மனுதாரருக்கே தரலாம். பல மாநிலங்கள் இதைப் பின்பற்றின. தமிழ்நாட்டிலும் இப்படியொரு சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக உண்டு.

தொகை சிறியதுதான். ஆனால் இதுவரை எந்த ஏட்டிலும் ஏறாத இரண்டாவது தவறு, தர வேண்டியதைத் தராமல் வைத்திருக்கும் தவறு, முதல்முறையாக ரூபாய்க் கணக்கில் பதிவாகிறது. தனியார் ஒருவர் நம் பணத்தைத் தாமதித்தால் வட்டி கேட்கிறோம். அரசு நம் நாட்களைத் தாமதிக்கும்போது மட்டும் அந்த நட்டம் முழுவதையும் மனுதாரரே சுமக்கிறார். அதனால்தான் அதைக் குறைக்கும் அவசரம் மேசைக்கு அந்தப்பக்கம் யாருக்கும் வருவதில்லை. புதிதாக ஒரு படிவம் வரும்போது 'இது எதற்கு?' என்று கேட்டால் எப்போதும் ஒரு நியாயமான பதில் கிடைத்துவிடும். 'எந்தப் பழைய படிவம் இதனால் போகிறது, இதற்குச் சரியென்று சொல்ல வேண்டிய ஒரே ஆள் யார், நாள் தவறினால் யார் பணம் கட்டுவது?' என்று கேட்டால்தான் அந்தப் படிவத்தின் உண்மையான விலை வெளியே வரும்.